விருந்துக்கு எவ்வளவு பானம் வாங்குவது? ஆள் கணக்கிலிருந்து பாட்டில் கணக்கு வரை

‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வருவோர் எண்ணிக்கையில் 10 சதவீதம் கூட்டுவோம். தலைக்கு எத்தனை என்று போடும்போது இன்னொரு 10. லிட்டரைப் பாட்டிலாக மாற்றும்போது இன்னொரு 10. கடையில் நிற்கும்போது மனசு கேட்காமல் கடைசியாக ஒரு 10. நான்கும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பெருகி 46 சதவீதம் ஆகிவிடும். விருந்து முடிந்ததும் மூலையில் அடுக்கிக் கிடக்கும் பெட்டிகள் பெரும்பாலும் இப்படி வந்தவைதான்.

ஆகவே ஒரே ஒரு நிபந்தனை: 9-ஆம் படி வரும் வரை எந்த எண்ணிலும் உபரி சேர்க்கக் கூடாது. அதுவரை வருவதெல்லாம் பச்சைக் கணக்கு. கீழே ஓர் உதாரண விருந்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே கணக்கிட்டுக் காட்டியிருக்கிறோம். உங்கள் எண்களை அதே இடங்களில் போட்டுக்கொள்ளலாம்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

அழைப்புப் பட்டியல், விருந்து தொடங்கும் நேரம், முடியும் நேரம், எந்த நேரத்தில் சாப்பாடு, எந்தக் குவளையில் ஊற்றப் போகிறீர்கள், பிரிக்காத பெட்டியைக் கடைக்காரர் திருப்பி எடுப்பாரா. இவ்வளவும் தெரிந்தால்தான் கணக்கு நகரும்.

குவளையைப் பலர் கடைசி நிமிடத்தில் வாங்குகிறார்கள். ஊற்றும் அளவைத் தீர்மானிப்பது குவளைதான். 250 மி.லி. குவளைக்குப் போட்ட கணக்கில் 350 மி.லி. குவளை வந்து இறங்கினால், யாரும் ஒரு வாய் கூடுதலாகக் குடிக்காவிட்டாலும் சரக்கு சீக்கிரம் தீரும். பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டுப் போகும் குவளைகளில் மிச்சம் அதிகமாக நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

2. வருவோரை மூன்று கூறாகப் பிரியுங்கள்

அழைத்தவர் எண்ணிக்கையும் வருவோர் எண்ணிக்கையும் ஒன்றல்ல. பட்டியலை எடுத்து ‘கட்டாயம் வருகிறேன்’ என்றவர், ‘பார்க்கலாம்’ என்றவர், பதிலே சொல்லாதவர் என்று குறியிடுங்கள். முதல் கூறை முழுதாகவும் இரண்டாம் கூறைப் பாதியாகவும் மூன்றாம் கூறைக் கால் பங்காகவும் எடுங்கள்.

உதாரணத்தில் 96 பேர் உறுதி, 36 பேர் சந்தேகம், 24 பேரிடம் பதில் இல்லை. 96 + 18 + 6 = 120. இவர்களில் 100 பேர் பெரியவர்கள், 20 பேர் குழந்தைகள்.

பரிமாறுபவர், படம் எடுப்பவர், பாடுபவர், வண்டி ஓட்டி வந்தவர் யாரும் அழைப்புப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் முன் வந்து எல்லோருக்கும் பின் போகிறவர்கள் அவர்கள்தான். அவர்களைத் தனி வரியில் எழுதுங்கள். இங்கே 10 பேர் என்று வைப்போம்.

3. ஆளை மட்டுமல்ல, ஆள்-மணியை எண்ணுங்கள்

நான்கு மணி நேர விருந்தில் 120 பேரும் முதல் நிமிடம் முதல் கடைசி நிமிடம் வரை நிற்பதில்லை. மேசையில் அமர்த்திச் சாப்பாடு போடும் விருந்தில் ஓரளவு நிற்பார்கள். வந்து தலைகாட்டிவிட்டுப் போகும் விருந்தில் நிற்கவே மாட்டார்கள். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் 120-ஐ 4-ஆல் பெருக்குவதுதான் புதிதாகக் கணக்குப் போடுபவர் செய்யும் பெரிய தவறு.

ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்று எழுதுங்கள். நம் உதாரணத்தில் முதல் மணியில் 50 பேர், இரண்டாவதில் 100, சாப்பாடு நடக்கும் மூன்றாவதில் 110, கடைசி மணியில் 60. கூட்டினால் 320 ஆள்-மணி. கண்ணை மூடிக்கொண்டு பெருக்கியிருந்தால் 480 வந்திருக்கும்.

உச்ச எண்ணான 110-ஐ ஓரமாகக் குறித்து வையுங்கள். குவளைக்கு அது வேண்டும்.

4. மொத்தம் எத்தனை பானம்

பரவலாகப் புழங்கும் விதி இது: ஒருவர் வந்த முதல் மணி நேரத்தில் இரண்டு பானம், பிறகு மணிக்கு ஒன்று. வந்தவுடன் வாய் வறண்டிருக்கும். கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருக்கும். யாரிடம் போய்ப் பேசுவது என்று தெரியாத நேரம் வேறு. அதனால் முதல் மணியில் வேகம் கூடும். பேச்சு சூடு பிடித்ததும் வேகம் குறையும்.

இந்த விதியை ஆள்-மணிக்குப் பொருத்துவது எளிது. மணிக்கு ஒன்று, அதோடு தலைக்கு ஒன்று கூடுதல். அதாவது ஆள்-மணியையும் ஆள் எண்ணிக்கையையும் கூட்டினால் போதும். 320 + 120 = 440 பானம்.

இந்த 440-இல் வெறும் தண்ணீர் சேராது. அதற்குத் தனிக் கணக்கு உண்டு.

திறந்த வெளி, வெயில், ஆட்டம் இருந்தால் மணிக்கு ஒன்று என்பதை ஒன்றேகால் ஆக்கலாம். எல்லோரும் உட்கார்ந்து உரை கேட்கும் நிகழ்ச்சி என்றால் முக்கால் போதும். இந்த மாற்றத்தை இங்கேயே ஒரு தடவை செய்துவிடுங்கள். பின்னால் ஒவ்வொரு பானத்துக்கும் ‘வெயில் அதிகம்’ என்று தனித்தனியாகக் கூட்டப் போனால் பழைய கதைதான்.

5. யாருக்கு எது என்று பிரித்தல்

முதலில் குழந்தைகள் பங்கு. 120-இல் 20 பேர் என்பதால் 440-இல் ஏறக்குறைய 70. மீதி 370 பெரியவர்களுக்கு.

மது இல்லாத விருந்து என்றால் நேராக இந்தப் படியின் கடைசிப் பத்திக்குப் போய்விடலாம்; 440-உம் மதுவில்லாத பானம்தான்.

மது உண்டு என்றால், குடிப்பவர் எத்தனை பேர் என்பதைப் பட்டியலைப் பார்த்துப் பெயர் பெயராக எண்ணுங்கள். பொதுச் சதவீதம் எதுவும் உதவாது. ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு மாதிரி. இங்கே 100-க்கு 60 பேர் என்று வைத்தால், 370-இல் 222 பானம் அவர்கள் பங்கு. அதையும் முழுக்க மதுவாக எடுக்கக் கூடாது. குடிப்பவரும் நடுவில் ஜூஸோ காபியோ எடுப்பார். நான்கில் ஒன்றைக் கழித்தால் ஏறக்குறைய 165 மது, 57 மற்றவை.

ஆக மது 165. மதுவில்லாதவை குழந்தைகளுக்கு 70, குடிக்காதவருக்கு 148, குடிப்பவரின் இடைவேளைக்கு 57, மொத்தம் 275. இரண்டையும் கூட்டிப் பார்த்து 440 வருகிறதா என்று சரிபாருங்கள். இந்தச் சரிபார்ப்பைத் தாண்டிப் போனால் பிழை கடைசிவரை கூடவே வரும்.

275-ஐ ஜூஸ் 110, குளிர்பானம் 110, காபி அல்லது டீ 55 என்று பிரித்திருக்கிறோம். குளிர் காலத்தில் காபி, டீயின் பங்கு ஏறும்.

6. எண்ணிக்கையிலிருந்து லிட்டருக்கும் பாட்டிலுக்கும்

ஜூஸ்: 250 மி.லி. குவளையில் 200 மி.லி. ஊற்றினால் 110 குவளைக்கு 22 லிட்டர்.

குளிர்பானம்: அதே குவளையில் 80 கிராம் ஐஸ் போட்டால் பானத்துக்கு 150 மி.லி. இடம்தான் மிஞ்சும். 110 குவளைக்கு 16.5 லிட்டர். 2 லிட்டர் பாட்டிலில் 9. ஐஸ் தீர்ந்துபோனால் அதே குவளையில் 200 மி.லி.க்கு மேல் போய்விடும். குளிர்பானம் ஏன் எதிர்பாராமல் தீர்ந்தது என்று தேடும்போது ஐஸ் வாளியையும் எட்டிப் பாருங்கள்.

பெரிய பாட்டிலின் அடியில் கிடக்கும் கடைசிக் குவளையில் வாயு போயிருக்கும், யாரும் தொட மாட்டார்கள். ஒரே சுவையில் ஒரு நேரத்தில் ஒரு பாட்டில் மட்டும் திறந்திருக்க வேண்டும் என்று பரிமாறுபவரிடம் சொல்லி வைத்தால் இந்த நஷ்டம் பாதியாகும்.

காபி, டீ: 150 மி.லி. வீதம் 55 கப்புக்கு 8¼ லிட்டர். பில்டரில் இறக்கும் காபிக்கு லிட்டருக்கு 55 முதல் 60 கிராம் தூள். இங்கே அளவைவிட நேரம்தான் காலை வாரும். சாப்பாடு முடிந்த கால் மணி நேரத்தில் எல்லோரும் ஒன்றாகக் கேட்பார்கள். 10 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்கு ஏற்ற 2 கிலோவாட் பாய்லருக்கு வெப்ப இழப்பே இல்லாவிட்டாலும் 24 நிமிடம் ஆகும். நடைமுறையில் அரை மணி என்று வையுங்கள். சாப்பாடு பரிமாறத் தொடங்கும்போதே சுவிட்ச் போட்டிருக்க வேண்டும்.

மது: 165-ஐ பீர் 82, ஒயின் 50, விஸ்கி, வோட்கா போன்றவை 33 என்று பிரிப்போம். மூன்றையும் ‘ஒரு பானம்’ என்று சமமாக எண்ணலாமா என்ற சந்தேகம் வரும். 5 சதவீத பீர் 330 மி.லி.யில் சுமார் 13 கிராம் ஆல்கஹால். 12 சதவீத ஒயின் 150 மி.லி.யிலும் 40 சதவீத விஸ்கி 45 மி.லி.யிலும் சுமார் 14 கிராம். ஆகவே இந்த அளவுகளில் ஊற்றும் வரை சமம்தான். 60 மி.லி. பெக் ஊற்றினால் அது 19 கிராம் ஆகிவிடும், கணக்கும் கெடும்.

750 மி.லி. ஒயின் பாட்டிலில் 150 மி.லி. வீதம் 5 கிளாஸ். 50-க்கு 10 பாட்டில். விஸ்கி பாட்டிலில் 45 மி.லி. வீதம் 16 பெக் கிடைக்கும். ஆனால் அளவுக் கிண்ணம் இல்லாமல் கைவாக்கில் ஊற்றினால் பெரும்பாலும் 60-க்குப் போய் 12-இல் பாட்டில் காலி. நான்கில் ஒரு பங்கு காற்றில் போனது போல. மலிவான ஓர் அளவுக் கிண்ணம் மேசையில் இருந்தால் போதும்.

மதுவில் கலக்கும் சோடாவையும் டானிக்கையும் 110 குளிர்பானத்துக்குள் அடக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் குழந்தைகளின் பங்கு மது மேசைக்குப் போய்விடும். 33 பெக்குக்கு 150 மி.லி. வீதம் 5 லிட்டரைத் தனியாக எழுதுங்கள்.

எல்லோரும் எழுந்து நின்று வாழ்த்திக் குடிக்கும் நிகழ்வு இருந்தால் அது இந்த 440-க்கு வெளியே. அதற்கு 100 மி.லி. ஊற்றினால் ஒரு பாட்டிலில் 7 பேர். 100 பேருக்கு 14 அல்லது 15 பாட்டில். நிரப்பி ஊற்ற வேண்டாம். பலர் உதட்டில் தொட்டுவிட்டு வைத்துவிடுவார்கள்.

7. தண்ணீர்

தலைக்கு அரை லிட்டர், 60 லிட்டர். வேலை செய்பவருக்கு ஆளுக்கு ஒரு லிட்டர், 10 லிட்டர். மொத்தம் 70. வெயிலில் விருந்தினர் பங்கை இரட்டிப்பாக்குங்கள். எல்லாப் பானத்திலும் தட்டுப்பாடு வந்தாலும் சமாளிக்கலாம். தண்ணீரில் மட்டும் வரக் கூடாது.

சின்ன பாட்டில்களாகக் கொடுத்தால் ஆளுக்கு இரண்டு திறப்பார்கள், இரண்டையும் பாதியில் விடுவார்கள். பெரிய கேனும் குவளையும் வைத்தால் அதே தண்ணீர் நின்று நிதானமாகப் போகும்.

இங்கே நின்று ஒரு சரிபார்ப்பு. உதாரணத்தில் விருந்தினருக்கான எல்லாத் திரவத்தையும் கூட்டினால் 148 லிட்டர் அளவில் வருகிறது. 320 ஆள்-மணியால் வகுத்தால் ஆள்-மணிக்கு 460 மி.லி. நிழலில் நடக்கும் விருந்தில் இது அரை லிட்டரைத் தாண்டினால் எங்கோ இரண்டு தடவை எண்ணியிருக்கிறீர்கள். திரும்பிப் போய்ப் பாருங்கள்.

8. ஐஸ்: இரண்டு வேலை, இரண்டு கணக்கு

குவளையில் போடும் ஐஸும் பாட்டிலைக் குளிர்விக்கும் ஐஸும் வேறு வேறு. ஒன்றாகக் கணக்கிட்டால் இரண்டும் பற்றாது. பாட்டில் முங்கிய தொட்டியிலிருந்து அள்ளிக் குவளையில் போடுவது சுத்தமும் இல்லை.

குவளைக்கு: குளிர்பானம் 110, மதுக் கலவை 33, சேர்த்து 143 குவளை. 80 கிராம் வீதம் 11.5 கிலோ. வாளியில் கிடக்கும்போதே மூன்றில் ஒரு பங்கு உருகிப் போகும் என்று வைத்து 17 கிலோ.

குளிர்விக்க: ஒரு லிட்டர் பானத்தை 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறக்க 105 கிலோஜூல் அளவு வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் இழுக்கும். ஆக லிட்டருக்கு 0.3 கிலோ ஐஸ். தொட்டியும் காற்றும் தரும் வெப்பம் இதில் சேரவில்லை. அதற்காக இரட்டிப்பாக்கி லிட்டருக்கு 0.6 கிலோ எடுங்கள். நம்மிடம் குளிர வேண்டியது 74 லிட்டர், அதற்கு 45 கிலோ. முதல் நாளே பிரிட்ஜில் வைக்க முடிந்தால் இதில் பாதி போதும்.

மொத்தம் 62 கிலோ. தலைக்கு அரைக் கிலோ என்று வாய்வழியாகச் சொல்லப்படும் கணக்கும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது.

தொட்டியில் ஐஸை மட்டும் கொட்டினால் கட்டிக்கும் பாட்டிலுக்கும் நடுவே காற்று நிற்கும். பாட்டிலைத் தொடுவது அங்கங்கே சில முனைகள் மட்டும். பாட்டில் கழுத்து வரை தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் பாட்டிலைச் சுற்றி முழுக்க ஒட்டி நிற்பதால் மளமளவென்று குளிரும். ஊற்றிய தண்ணீரும் குளிர்ந்ததாக இருக்கட்டும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் அதைக் குளிர்விக்கவே பாதி ஐஸ் போய்விடும்.

9. இப்போது உபரி

எல்லாவற்றிலும் ஒரே சதவீதம் கூட்டாதீர்கள். மிஞ்சினால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கெட்டுப்போகும் என்றால் உபரி பூஜ்யம். புதிதாகப் பிழிந்த ஜூஸ், பால், நறுக்கிய பழம் இந்த வகை. வைத்துக்கொள்ளலாம் அல்லது திருப்பிக் கொடுக்கலாம் என்றால் 10 சதவீதம். தண்ணீருக்கு 25.

அதற்கும் முன்னால், பெட்டிக் கணக்கே எவ்வளவு உபரி கொடுத்துவிட்டது என்று பாருங்கள். பீர் 82 வேண்டும். 24 கொண்ட பெட்டியில்தான் வரும் என்றால் 4 பெட்டி, 96. அங்கேயே 17 சதவீதம் கூடிவிட்டது. ஐந்தாவது பெட்டி எதற்கு? குளிர்பானம் 16.5 லிட்டருக்கு 9 பாட்டில் எடுத்தால் 18 லிட்டர், அதிலும் 9 சதவீதம் ஏற்கெனவே இருக்கிறது. ஒயின் மட்டும் சரியாக 10-இல் நிற்பதால் 11 ஆக்கலாம்.

வகைகளைக் கூட்டும்போது கவனம். ஒவ்வொரு புதிய வகையும் மேசையில் ஒரு பாதி பாட்டிலை விட்டுவிட்டுத்தான் போகும். குளிர்பானத்தில் மூன்று சுவை என்றால் மும்மூன்றாக 9 பாட்டில். ஆறு சுவை என்றால் இரண்டிரண்டாக 12. விருந்தினர் அதே 120 பேர்தான்.

திருப்பிக் கொடுக்க நினைக்கும் பெட்டிகளை ஐஸ் தொட்டிக்குள் இறக்காதீர்கள். லேபிள் ஊறிப் பிய்ந்துவிட்டால் மூடி திறக்காவிட்டாலும் வாங்க மாட்டார்கள். தேவை வரும்போது பெட்டி பெட்டியாகப் பிரித்து இறக்குவதுதான் வழி.

10. குவளையும் முதல் இருபது நிமிடமும்

கழுவித் திரும்ப வைக்கும் கண்ணாடிக் குவளை என்றால் உச்ச எண்ணில் ஒன்றரை மடங்கு. 110-க்கு 165. பேப்பர் கப் என்றால் கதையே வேறு. வைத்த இடம் மறந்து ஒவ்வொரு தடவையும் புதிது எடுப்பார்கள். 440-இல் பாட்டிலோடு குடிக்கும் 82 பீரைக் கழித்து, தண்ணீருக்குத் தலைக்கு ஒன்று சேர்த்தால் 478. ஐந்நூறாக வாங்கிவிடுங்கள்.

விருந்து தொடங்கும்போது எவ்வளவு குளிர்ந்திருக்க வேண்டும்? மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. கூட்டம் கதவைத் திறந்துகொண்டு வரும்போது எல்லாக் கைகளும் ஒரே மேசைக்கு நீளும். அப்போது சூடான பாட்டிலை எடுத்துக் கொடுத்தால் ஐஸ் இரண்டு பங்கு செலவாகும். எடுக்க எடுக்க அதே எண்ணிக்கையில் தொட்டியின் அடியில் புதிதைச் செருகிக்கொண்டே இருக்க ஓர் ஆளை நியமியுங்கள். மேலே வைத்தால் புதிதாக வந்த சூடான பாட்டில்தான் முதலில் கைக்கு வரும்.

மது மேசையை முடிவு நேரத்துக்கு அரை மணி முன்பே மூடுங்கள். காபி அந்த நேரத்தில்தான் வெளியே வர வேண்டும்.

11. முடிந்தபின் எண்ண வேண்டியது

திறக்காதவை எத்தனை, திறந்து மிஞ்சியவை எத்தனை என்று எழுதுவதோடு, எது எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்பதையும் குறியுங்கள். மிச்சம் பூஜ்யம் என்றால் கணக்கு துல்லியம் என்று பொருள் இல்லை. ஜூஸ் இரண்டரை மணி நேரத்திலேயே தீர்ந்திருந்தால் பிறகு வந்தவர்கள் குளிர்பானத்துக்குப் போயிருப்பார்கள். தாளைப் பார்த்தால் குளிர்பானம் நன்றாக ஓடியது போலத் தெரியும். நேரம் எழுதாவிட்டால் அடுத்த தடவை குளிர்பானத்தைக் கூட்டுவீர்கள். உண்மையில் பற்றாமல் போனது ஜூஸ்தான்.